துண்டுக்கு வெளியே ஒரு கை

என் மகனுக்கு,

பம்பாயிலிருந்து நீ எழுதியது கிடைத்தது. அதைத் தகப்பனாக ஒரு முறையும் வக்கீலாக ஒரு முறையும் படித்தேன். தகப்பனுக்கு மகிழ்ச்சி, வக்கீலுக்கு ஆட்சேபணை. உன்னை லண்டனுக்கு அனுப்பி, தேசங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகத்தையும், அதை ஆட்டுவிக்கிற நாணய மாற்று, சுங்க வரி, சர்க்கார்களின் உடன்படிக்கை ஆகியவற்றையும் படிக்க வைக்க ஒரு பருத்திக் கம்பெனி முன்வந்திருக்கிறது என்றும், படித்து முடித்தபின் அந்தக் கம்பெனிக்கே நீ கொள்முதல் அதிகாரியாக வரவேண்டும் என்பதுதான் நிபந்தனை என்றும் எழுதியிருக்கிறாய். உனக்காகச் சிபாரிசு செய்தவர் அந்தக் கம்பெனியின் திருமங்கலம் ஏஜெண்டு சபாபதி என்பதைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். அதன் கீழே இன்னும் ஒரு வாக்கியம். பழைய வழக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டாம் என்று எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இவ்வளவு நீண்ட பதில்.

வழக்கு நடந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. உன்னிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே நான் நேரில் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்கிறேன். திருமங்கலத்துக்கு மேற்கே உன் அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குக் கரிசல் காடு இருந்தது. உன் மாமா அதில் கருங்கண்ணிப் பருத்தி போட்டார். மாசி, பங்குனியில் எடுத்த பருத்தியைச் சித்திரையில் வண்டிகளில் ஏற்றித் திருமங்கலம் ரயிலடிக்குப் பக்கத்திலுள்ள கம்பெனிக் கிடங்குக்குக் கொண்டுபோவார். அங்கே விலை எப்படிப் பேசப்பட்டது என்பது உனக்குத் தெரியும். பம்பாயில் உன்னுடன் படிப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் வலது கைகளைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு போர்த்தப்படும். துண்டுக்குள் விரல்களைத் தொட்டும் அழுத்தியும் விலை கேட்பார்கள், ஏற்றுவார்கள், இறக்குவார்கள். சுற்றி நிற்கும் எவருக்கும் ஒன்றும் தெரியாது. படிந்துவிட்டால் இருவரும் கையை ஒரு குலுக்குக் குலுக்கித் துண்டை உதறுவார்கள். அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்து இல்லை, சாட்சி இல்லை.

அந்த ஆண்டு சித்திரையில் நான் உன் மாமாவுடன் கிடங்குக்குப் போயிருந்தேன். சபாபதி துண்டைப் போட்டார். கைகள் உள்ளே அசைந்தன. துண்டை உதறியபோது உன் மாமாவின் முகத்தில் இருந்த திருப்தியை நான் கண்ணால் பார்த்தேன்; அது சாட்சியம் ஆகாது என்பதும் அப்போதே எனக்குத் தெரியும். வண்டிக்கு அருகில் அவரைத் தனியே அழைத்து, பேசிய விலையை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவர் என்னை ஒரு விநோதப் பிராணியைப் போலப் பார்த்தார்.

"கை குடுத்த பெறகு கடுதாசி கேக்கவா? நாளப் பின்ன அவரு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது மாப்ள?"

"கேட்டா என்ன தப்பு, மச்சான்?"

"ஒங்க கோர்ட்டுல அது தப்பில்ல. இங்க அது, நீ திருடன்னு அவரப் பாத்துச் சொன்ன மாதிரி. அம்புட்டுத்தான்."

பருத்தி கிடங்குக்குள் போனது. மற்றவர்களின் பருத்தியோடு ஒரே அம்பாரமாகக் கலந்தது. இனி இது என் பருத்தி என்று எவரும் பிரித்து எடுக்க முடியாது. அதற்குப் பின்புதான், எடை முடிந்து, காளைகளை அவிழ்த்து நிழலில் கட்டியபின், சபாபதி வெளியே வந்து பேசிய விலையில் ஏறக்குறைய பாதியைச் சொன்னார். ஜப்பான்காரன் நம் பருத்தியை வாங்குவதை நிறுத்திவிட்டான், இப்போதுதான் சேதி வந்தது, இதற்கு மேல் தம்மால் ஆகாது என்றார். உன் மாமா துண்டுக்குள் பேசிய விலையைச் சொன்னார். அப்படி ஒரு விலையைத் தாம் பேசவே இல்லை என்று, சற்றும் குரலை உயர்த்தாமல், சபாபதி சொன்னார்.

உன் மாமா தொடுத்த வழக்கை நான் நடத்தினேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். சாட்சிக் கூண்டில் நின்ற உன் மாமாவின் தோளிலிருந்த துண்டையே அனுமதி கேட்டு வாங்கி, அவர் கையோடு தம் கையைக் கோத்து, மேலே போர்த்தி, உள்ளே விரல்களை அசைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இப்ப நான் என்ன வெல சொன்னேன்? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார். கோர்ட்டு சிரித்தது. முன்சீப்பும் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை உன் மாமா கையை எடுக்கவில்லை. எடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கை கொடுத்தால் எதிராளி விடும்வரை விடக்கூடாது என்பது அவர் கற்ற மரியாதை.

அடுத்துச் சபாபதி கூண்டேறினார். நான் குறுக்கு விசாரணை செய்தேன். விலை ஏன் பாதியானது என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை ஒரு சொல் பிசகாமல் தருகிறேன்: "வெலைய நான் வைக்கிறதில்லைங்க. கடலுக்கு அங்கிட்டு வைக்கிறாங்க." அதன்பின் கேட்பதற்கு என்னிடம் கேள்வி இல்லை. கடலுக்கு அங்கிட்டு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. சாட்சிச் சட்டம் முழுவதும் என் விரல் நுனியில் இருந்தது. ஜப்பானில், ஒசாகாவில் ஓர் ஆலை முதலாளி எடுக்கும் முடிவு திருமங்கலத்தில் ஒரு வண்டியை எப்படிக் குடைசாய்க்கும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். வழக்கு தள்ளுபடியானது.

பிறகு நடந்தது உனக்கு ஓரளவு தெரியும். கடனில் கரிசல் காடு கைமாறியது. உன் மாமா தம் காட்டிலேயே, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக்காரராக உழுதார். அதையாவது பொறுத்திருப்பார், சந்தையில் போகிறவன் வருகிறவனெல்லாம் "என்னண்ணே, துண்டு புதுசா?" என்று கேட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. தோளில் துண்டு போடுவதை விட்டார். நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறுந்தோளோடு கல்யாண வீடுகளுக்குப் போகக் கூசி, போவதையும் விட்டார். அவர் இறந்தபோது பங்காளிகள் கோடி வேட்டியும் துண்டும் கொண்டுவந்தார்கள். உன் அத்தை வேட்டியை வாங்கிக்கொண்டு, "துண்ட மட்டும் எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் நம் வீட்டில் இருக்கிறாள்.

அந்த வழக்குக்குப் பிறகு நான் படித்தேன். நீ கல்லூரியில் படிக்கிற பாடத்தை நான் வாசகசாலைப் பழைய பத்திரிகைகளில் படித்தேன். உன் தாயார் சட்டப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டு விளக்கைத் தூண்டிவிட்டுப் போவாள். படித்ததைச் சில வாக்கியங்களில் சொல்லலாம். சீமைத் துணிக்கு ஒரு வரியும் ஜப்பான் துணிக்கு அதைவிடக் கூடுதல் வரியும் நம் சர்க்கார் போட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அதில் ஆதாயம். பம்பாய் ஆலைகளுக்கும் ஆதாயம். கோபம் கொண்ட ஜப்பான் ஆலைகள், எங்கள் துணி உங்களுக்கு வேண்டாமென்றால் உங்கள் பருத்தி எங்களுக்கு வேண்டாம் என்றன. ரூபாயின் மாற்று மதிப்பைச் சர்க்கார் பதினெட்டு இங்கிலீஷ் பெனியில் முளையடித்துக் கட்டியிருந்ததால் நம் பருத்தி ஏற்கெனவே வெளியே விலைகூடித் தெரிந்தது. இத்தனை பேர் தத்தம் நியாயத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கரிசல்காட்டுக்காரனுக்காகப் பேச அந்த மேசையைச் சுற்றி ஒரு நாற்காலி கூட இல்லை. சபாபதி சொன்னது முழுப் பொய் அல்ல என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அது தெரிந்ததால் என் கோபம் சற்றுத் தணிந்தும் இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்: சென்ற மாதம் அவர் நம் வீட்டுக்கு வராமலிருந்தால் நீ சொன்ன புத்தியை ஒருவேளை நான் கேட்டிருப்பேன்.

உன் லண்டன் பயணத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தார். மூப்பு வந்துவிட்டது, கூடவே தாராளமும் வந்திருக்கிறது. அத்தை காபி கொண்டுவந்து வைத்தாள். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"பையன் கெட்டிக்காரனாமே, வக்கீலய்யா. தொரைகிட்ட நானே சொன்னேன். நம்ம ஊருப் பிள்ளை ஒண்ணு மேல வரட்டுமே. பழசெல்லாம் மனசுல வச்சுக்கிறாதீங்க."

நான் காபியை அவர் பக்கம் நகர்த்தினேன். மௌனமாக இருக்கும் வக்கீலிடம் மனிதர்கள் தேவைக்கு மேல் பேசுவார்கள்.

"கேசுதான் காலாவதி ஆகிப்போச்சே, இனிமே சொன்னா என்ன. உள்ளபடிக்கு அந்த வருசம் வெல விழுந்ததுல எனக்குச் சல்லிக்காசு சேதமில்ல. மாசியிலயே பழைய வெலைக்குத் தொரைமாருக்கு வித்து எழுதிக் குடுத்துட்டேன். சரக்கு கிடங்குக்கு வந்து சேரணும், அம்புட்டுத்தான் எனக்கு."

"ஜப்பான் சேதி ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன். கோர்ட்டில் கேட்கத் தெரியாமல் போன கேள்வி; இத்தனை ஆண்டுகளுக்குப் பின் என் வீட்டுக் கூடத்தில் கேட்டேன்.

"பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே தந்தி வந்துருச்சில்ல. அதுக்குப் பெறகுதான் ஒங்க மச்சான் வண்டியே வந்துச்சு. நெசமான வெலையச் சொல்லியிருந்தா வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருப்பாரே." சிரித்தார். "இதெல்லாம் யாவாரம், ஐயா. ஒங்க பையன் சீமைக்குப் போயிப் படிக்கப் போறதும் இதத்தானே?"

"காபி ஆறுது, குடிங்க" என்றேன்.

குடித்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த உன் அத்தை வந்து டம்ளரை எடுத்தாள். "இதக் கழுவி வைக்கவா தம்பி, தூக்கிப் போடவா?" என்றாள்.

"கழுவி வையிக்கா. அவரு இன்னொரு தடவ வருவாரு."

இப்போது உன் கடிதத்தின் வாதத்துக்கு வருகிறேன். விலை என்பது உலகச் சந்தையின் விளைவு, அதற்குத் தனி மனிதர் எவரையும் பொறுப்பாக்கலாகாது என்று உன் ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். விலை விழுந்ததற்குச் சபாபதி பொறுப்பல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழுந்தது தெரிந்தும், விழாத விலையை விரலால் சொல்லி ஒரு மனிதனின் வண்டியைக் கிடங்குக்குள் இழுத்ததற்கு அவரே பொறுப்பு. பிறகு அந்தப் பழியைத் தூக்கிக் கடலுக்கு அங்கிட்டுப் போட்டதற்கும் அவரே பொறுப்பு. உலகச் சந்தை பெரிய சக்திதான். அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ஆளும் உண்டு. முதலாவதைப் படிப்பதே இரண்டாவதைப் பிடிப்பதற்கு என்று நான் நினைக்கிறேன். நீ படிக்கிற ஒவ்வொரு விலையையும் ஒரு வாக்குமூலமாக எடுத்துக்கொள். யார் சொன்னது, அவருக்கு எப்போது தெரியும், அதற்கு முன்பே அவர் எதை விற்று வைத்திருந்தார் என்று குறுக்கே கேள். ஒரு வரி ஏறினால் அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்றும், அந்த வரியைக் கேட்டு மனுக் கொடுத்தவர் யார் என்றும் பார். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாகவே இருக்கும்.

என்னைப் பகை பிடித்தவன் என்று நீ நினைக்கலாம். ஆம், பகைதான். ஆனால் என் பகைக்கு, நல்ல கிரயப் பத்திரத்தில் இருப்பதுபோல, நான்கு எல்லையும் குறித்திருக்கிறேன். அது வெள்ளைக்காரர் எல்லோர் மீதும் அல்ல. சபாபதியின் பிள்ளைகள் மீதும் அல்ல. ஜப்பான் ஆலைக்காரர் தம் நியாயத்தைப் பார்த்துக்கொண்டார். அவரோடு எனக்கு வழக்கில்லை. சபாபதியின் சொத்தோ உயிரோ எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவருடைய கை துண்டுக்கு வெளியே வரவேண்டும். ஊரார் பார்க்க நின்று, தம் விலையைத் தம் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொல்ல வேண்டும். அதற்கான ஏற்பாடு முடிந்திருக்கிறது. இதுவரை உனக்குச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், உன் சம்மதம் தேவைப்படாததுதான். இப்போது தேவைப்படுகிறது.

அந்தக் கிடங்கும், எடைத் தராசு நிற்கும் முற்றமும் கம்பெனிக்குச் சொந்தமானவை அல்ல. நிலம், வெளியூரில் குடியேறிவிட்ட ஒரு மிராசுதார் குடும்பத்தினுடையது. கம்பெனி குத்தகைக்கு எடுத்துத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறது. வழக்குத் தோற்ற சில ஆண்டுகளில் அந்த நிலத்தை நான் கிரயம் வாங்கினேன். உன் பெயரில் வாங்கினேன். நீ மைனர், நான் கார்டியன். பதிவு அலுவலகத்தில் போய் எவரும் பார்க்கலாம். குத்தகைப் பணத்தை முன்போலவே அந்தக் குடும்பத்தின் காரியஸ்தர் வாங்கி எனக்கு அனுப்பி வருகிறார். தாம் நிற்கும் மண் யாருடையது என்று சபாபதி எப்போதாவது கேட்டிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்போம். அவர் கேட்கவில்லை. குத்தகைக் காலம் வரும் தை மாதத்தோடு முடிகிறது. நீ மேஜராகிவிட்டாய். காலி செய்யச் சொல்லும் நோட்டீசில் உரிமையாளனின் கையெழுத்து வேண்டும். அந்த உரிமையாளன் நீ.

தை முடிந்தபின் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே நீ கையெழுத்திட வேண்டும். கொட்டகைத் தகரங்களையும் தராசையும் கம்பெனி பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, நானும் ஓர் ஆணிகூடத் தடுக்க மாட்டேன். திருமங்கலத்துக்கு மேற்கே பருத்தி போடுகிறவர்கள், வாடிப்பட்டிப் பக்கத்தார் சிலரும் சேர்ந்து, ஒரு விற்பனைச் சங்கம் அமைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். விதிகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த முற்றம் சங்கத்துக்குக் குத்தகையாகப் போகும். ரயிலடிக்கு எட்டும் தூரத்தில் அவ்வளவு பெரிய வெட்டவெளி வேறு இல்லை. முதல் விதி: முற்றத்துக்குள் துண்டு போட்டு விலை பேசக்கூடாது. வாங்குபவர் தம் விலையை உரக்கச் சொல்ல வேண்டும். பேசிய விலையை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே வண்டியிலிருந்து மூட்டை இறங்கும். இரண்டாவது விதி: வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும், பம்பாய் விலையும், சீமையில் லிவர்ப்பூல் சந்தை விலையும், தந்தியில் வந்த சேதியும் காலையில் அதில் தமிழில் எழுதப்பட வேண்டும். விதிகளை வாசித்தபோது ஒரு பெரியவர் எழுந்து, "சபாபதி உள்ள வரப்புடாதுன்னு ஒரு விதி போட்டுருங்க, வக்கீலய்யா" என்றார். மறுத்துவிட்டேன். சட்டம் இடம் தராது என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், அவர் வர வேண்டும்.

செய்து வைத்த அந்தக் கரும்பலகைதான் இப்போது வெறுமையாக இருக்கிறது. விலையை எழுதிவிடலாம். அந்த விலை ஏன் அப்படி நிற்கிறது, நாளை எந்தப் பக்கம் சாயும், அமெரிக்காவில் விளைச்சல் கூடினால் நாம் இன்றே விற்பதா பொறுப்பதா, ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு கப்பல் கட்டணம் ஏறினால் யார் தலையில் விடியும் என்றெல்லாம் எடுத்துச் சொல்ல எங்களில் ஆளில்லை. நான் வாசகசாலையில் படித்த அரைகுறைப் படிப்பு ஒரு கேள்வி கேட்கத்தான் போதும். உன் படிப்பு எனக்கு எதற்கு வேண்டும் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். கம்பெனியின் உதவி இல்லாமல் லண்டன் போக வழி இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். போக முடியாதபடி காலம் கெட்டுப்போனால் பம்பாயிலேயே மேற்கொண்டு படி. கடலுக்கு அங்கிட்டு நடப்பது உனக்குத் தெரிந்தால் போதும். நீ கடலைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, உனக்கு அனுப்பச் சொல்லிச் சபாபதி கொடுத்துச் சென்ற, கம்பெனியின் ஒப்புதல் பத்திரம். மற்றது, நான் தயாரித்த நோட்டீஸ். நோட்டீசில் ஒரு சொல்கூடக் கோபமாக இல்லை; சரிபார்த்துக்கொள். இரண்டும் சட்டப்படி செல்லத்தக்கவை. நீ எதில் கையெழுத்திட்டாலும் நீ என் மகன்தான். அதில் ஆட்சேபணை எழாது. ஆனால் இரண்டிலும் கையெழுத்திட முடியாது. கையெழுத்திட்டதை நேரே கம்பெனிக்கு அனுப்பு; வேண்டாததைக் கிழித்து எறியாமல் எனக்குத் திருப்பி அனுப்பு. எது திரும்பி வருகிறது என்று பார்த்தே உன் முடிவைத் தெரிந்துகொள்வேன். அத்தையிடம் இதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தபால்காரர் குரல் கேட்டால் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். உன் பெயரைச் சொல்லி ஒன்றும் கேட்பதில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அன்றே சபாபதி இங்கே வருவார். கெஞ்ச மாட்டார், அவருக்கு அந்தப் பழக்கமில்லை. ஏதாவது ஒரு விலைக்குப் படிந்துவிடலாம் என்றுதான் வருவார். அந்த டம்ளர் அலமாரியின் மேல்தட்டில் தனியாக இருக்கிறது. அத்தை அதில்தான் காபி கொண்டுவந்து வைப்பாள். இந்த முறை கதவுக்குப் பின்னால் போகாமல் எதிரில் நிற்பாள். அவர் பழக்க தோஷத்தில் தோள் துண்டை எடுத்து என் பக்கம் கையை நீட்டுவார். நான் என் கையை நீட்ட மாட்டேன்.

"எங்க வீட்டுல துண்டு போடுற பழக்கம் விட்டுப்போச்சு. வாய்விட்டுச் சொல்லுங்க" என்பேன். "எங்கக்கா கேக்கட்டும்."

நீ நலமாக இருந்து, தெளிந்து முடிவெடுக்க வேண்டுமென்று விரும்பும்,

உன் தகப்பன்.